அணைத்த பிறகு ஏறிய சூடு

அந்த வருடம் முழுவதும் என் மேசையில் ஒரு தீ எரிந்துகொண்டிருந்தது. புகை கிடையாது, வாடை கிடையாது, சத்தம் கிடையாது. கம்ப்யூட்டர் திரையில் விரல் தடிமனுள்ள ஒரு பலகையின் குறுக்குவெட்டு தெரியும். மேல் விளிம்பில் சிவப்பு, அடியில் நீலம், நடுவே மஞ்சளும் பச்சையும் ஒன்றில் ஒன்று கரைந்துகொண்டிருக்கும். நிஜத்தில் ஐந்தே நிமிடம் எரியும் தீ அது. என் கணக்கில் எரிந்து முடிக்கப் பதினொரு மணி நேரம் ஆகும். காலையில் பற்றவைத்துவிட்டு வகுப்புக்குப் போவேன். மதியம் வந்து பார்த்தால் சிவப்பு ஒரு நெல்மணி அளவு கீழே இறங்கியிருக்கும். தயிர்சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். சாப்பிட்டேனா இல்லையா என்பது சில நாள் டப்பாவைப் பார்த்தால்தான் தெரியும்.

காரைக்குடியில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆசிரியை வேலை எனக்கு. வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கும் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். இப்போது வரும் விமானங்கள் பலவற்றின் இறக்கை உலோகம் இல்லை. கார்பன் இழையில் நெய்த கறுப்புத் துணியை அடுக்கடுக்காக வைத்து, பிசினில் ஊறவைத்து, அழுத்திச் சூடேற்றி எடுக்கிற பலகை. கையில் எடுத்தால் மரப்பலகை போல லேசாக இருக்கும், ஆனால் இரும்போடு போட்டி போடும். அதன் ஒரே பயம் தீ. இழை தாங்கும், பிசின் தாங்காது. தரையில் நிற்கும் விமானத்துக்கு அடியில் எரிபொருள் சிந்திப் பற்றிக்கொள்கிறது, ஐந்து நிமிடத்தில் அணைத்துவிடுகிறார்கள், இறக்கை பார்வைக்கு முழுசாக இருக்கிறது. உள்ளே எத்தனை அடுக்கு கருகியிருக்கும்? மிச்சமுள்ள பலம் எவ்வளவு? ஒவ்வொரு முறையும் இறக்கையை அறுத்தா பார்க்க முடியும்? அறுக்காமல் கணக்குப் போட்டே சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் ஆராய்ச்சி.

நான் குடியிருந்தது ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் இரண்டு அறைகளில். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள், கல்யாணம் காட்சி என்றால் மட்டும் வருவார்கள். அவர்கள் வந்தால் திறந்துவைத்துப் பெருக்குவதற்காக எல்லாக் கதவின் சாவியும் என்னிடமே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் காற்றாட எல்லாக் கதவையும் திறந்துவைப்பேன். பின்வாசலில் நின்றால் முகப்பு வரை வாசலுக்குள் வாசலாக ஒரே நேர்கோட்டில் தெரியும், கடைசி வாசலில் முன்தெருவின் வெயில் ஒரு சின்னச் சதுரமாக நிற்கும். என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். கல்யாணமாகி நாலு வருடத்தில் நாங்கள் சேர்ந்து இருந்தது மொத்தமாக ஏழு மாதம் இருக்கும். அதனால் தனியாக ஒரு நிறத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குச் சிரமமான காரியமாக இருக்கவில்லை.

நிஜத் தீயை எரிப்பவர் வேறு ஒருவர். கல்லூரிக்குப் பின்பக்கம் தகரக் கூரை போட்ட சோதனைக்கூடம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் திருக்கோஷ்டியூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். ஐம்பதை நெருங்கும் வயது. காலையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு எட்டரை பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவார். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார், ஆனால் மரியாதை குறையாமல் பேசுவார்.

முதல் பலகையை எரித்த நாளில் நானும் கூட நின்றேன்.

"தங்கச்சி, கண்ணாடிக்கு அங்குட்டு நில்லுங்க. பிசின் எரிஞ்சா கண்ணுல மூக்குல தண்ணி ஊத்தும்" என்றார்.

கூம்பு மாதிரி ஒரு ஹீட்டர். அது செக்கச் சிவந்து தயாராக இருந்தது. உள்ளங்கை அகலப் பலகையைப் பீங்கான் பஞ்சு மெத்தையில் பதித்து அதற்குக் கீழே வைத்து, மூடியை விலக்கினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பலகையின் மேல் ஒரு நீராவி மாதிரி எழுந்தது. பக்கத்தில் வைத்திருந்த மின்பொறி பட்டதும் 'பக்'கென்று பற்றிக்கொண்டது. உள்ளுக்குள் அடுக்குகள் விடுகிற சத்தம், பொரி பொரிவது போலக் கேட்டது. என் திரையில் இந்தச் சத்தம் இருந்ததே இல்லை. பலகை மெதுவாக உப்பியது.

"பரோட்டா உப்புற மாதிரி இருக்குல்ல?" என்று சிரித்தார். கண் மட்டும் கையிலிருந்த ஸ்டாப்வாட்ச்சை விட்டு நகரவில்லை. சரியாக ஐந்தாவது நிமிடம் மூடியைத் தள்ளி ஹீட்டரை மறைத்தார். சுடர் இரண்டு தரம் துள்ளி அணைந்தது. பலகையை மெத்தையோடு எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். நானும் வகுப்புக்குப் போனேன்.

மறுநாள் பலகையை வைர ரம்பத்தால் குறுக்கே அறுத்து, தேய்த்து, நுண்ணோக்கியில் எண்ணினோம். மொத்தம் அறுபத்து நாலு அடுக்கு. மேலிருந்து இருபத்தெட்டு அடுக்கு வரை கருகியிருந்தது. என் கணக்கு இருபது என்று சொல்லியிருந்தது.

இரண்டாவது பலகையும் இருபத்தெட்டு. மூன்றாவது இருபத்தேழோ இருபத்தெட்டோ என்று சொல்ல முடியாதபடி இருந்தது.

மூன்று வாரம் என் கணக்கைத் தோண்டினேன். பிசின் எந்தச் சூட்டில் சிதைகிறது, இழை வழியாகச் சூடு எவ்வளவு வேகத்தில் போகிறது, கருகின பகுதி எவ்வளவு சூட்டைத் தடுக்கிறது என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. எத்தனை தடவை பற்றவைத்தாலும் இருபது, மிஞ்சினால் இருபத்தொன்று. ஒரு நாள், தீயின் நேரத்தை ஏழு நிமிடமாக மாற்றிப் பார்த்தேன். இருபத்தெட்டு வந்தது.

அந்த எண்ணைப் பார்த்த நிமிடத்தில் எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. என் தீயில் பிழை இல்லை, அவர் தீயில்தான் பிழை என்று அதற்கு அர்த்தம். அவர் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே நின்றதை நானே பார்த்திருந்தேன். இருந்தும், நான் பார்த்தது முதல் பலகையைத்தானே என்று என் மனம் எனக்குச் சமாதானம் சொன்னது. முதல் பலகைக்கும் அந்த எண்தான் வந்தது என்பதை அது வசதியாக மறந்துவிட்டது.

அந்த வாரம் ஆய்வுக்கூட்டம். எனக்கு வழிகாட்டிய பேராசிரியர், இன்னும் இரண்டு ஆசிரியர்கள், நாலைந்து மாணவர்கள், ஓரமாக அண்ணன். நான் படங்களைக் காட்டிவிட்டு, "ஹீட்டர மூடுறதுக்கு லேட் ஆயிருக்கலாம் சார்" என்றேன்.

பேராசிரியர் திரும்பி அவரைப் பார்த்தார். "எவ்வளவு நேரம் வச்சீங்க?"

"அஞ்சு நிமிஷம் சார். வாட்ச்சப் பாத்துத்தான் மூடுனேன்."

"ஏழு நிமிஷம் வச்சாத்தான் சார் இருபத்தெட்டு வருது" என்றேன் நான். குரலில் ஒரு தயக்கமும் இல்லாமல் சொன்னேன்.

அண்ணன் என்னை ஒரு தரம் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தவர் இறங்கும்போது தெரியாதவரைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படிப் பார்த்தார்.

இந்த ஆராய்ச்சியை எங்களிடம் ஒப்படைத்த நிறுவனத்துக்கு அறிக்கை போயாக வேண்டிய நேரம். மாதிரிகள் கூடுதல் நேரம் சூடுபட்டிருக்கலாம் என்று ஒரு குறிப்பு போட்டு, என் கணக்கையே முடிவாக வைத்து அனுப்பினோம். அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து சோதனைக்கூடத்துக்கு ஒரு ஆணை வந்தது: இனிமேல் ஒவ்வொரு சோதனையின்போதும் ஓர் ஆசிரியர் உடனிருந்து நேரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் அந்தக் கூடத்தைத் தனியாக நடத்தியவர் அவர். அந்தத் தாளை அவரே பசை தடவிச் சுவரில் ஒட்டினார். அன்றிலிருந்து நான் அவருக்கு மேடம் ஆனேன்.

"இன்னைக்கு சாம்பிள் அறுக்கணும்ணே."

"சரிங்க மேடம்."

"டீ குடிச்சீகளா?"

"ஆச்சுங்க மேடம்."

மழைக்காலம் வந்தது. அந்த மாதங்கள் எனக்கு முழுசாக நினைவில் இல்லை. நனைந்த படம் மாதிரி நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. வீட்டின் திறந்த முற்றத்தில் மழை விழும்போது அதன் ஓசை ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு விதமாகக் கேட்கும். முன்கட்டில் அரிசி கொட்டுவது போல, நடுக்கட்டில் யாரோ பேசுவது போல, என் அறையில் மூச்சு போல. மத்தியானம் கண் அயர்ந்தால் நான் அந்தப் பலகைக்குள் நடந்துகொண்டிருப்பேன். கறுப்பான, தாழ்ந்த கூரையுள்ள அறைகள். ஒரு அறையைத் தாண்டினால் இன்னொன்று. பின்னால் சிவப்பு வெளிச்சம் வந்துகொண்டிருக்கும், நான் அவசரப்பட மாட்டேன். பயமே இருக்காது. விழித்த பிறகு கொஞ்ச நேரத்துக்கு எது கூரை எது தரை என்று தெரியாமல் படுத்திருப்பேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு என் கணவர் வீடியோவில் வருவார். கப்பல் பழுதுபார்க்கும் துறையில் அவருக்குத் தீக்காவல் வேலை. வெல்டர்கள் கப்பலின் வயிற்றுக்குள் வேலை செய்யும்போது, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறி எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். ஏதும் நடக்கவில்லை என்றால் அவர் வேலையைச் சரியாகச் செய்தார் என்று அர்த்தம். நாங்கள் வேலையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. என்ன சமையல், மழை உண்டா, முதுகுவலி எப்படி இருக்கிறது, இவ்வளவுதான்.

ஒரு நாள் ஐந்தரை ஆகியும் அவர் வரவில்லை. பிறகு வந்தார், முகமெல்லாம் வேர்வை. தலைக்கவசத்தின் அச்சு நெற்றியில் அப்படியே இருந்தது.

"என்ன இம்புட்டு நேரம்? சாப்டீகளா?"

"எங்குட்டு சாப்புட? பஸ்ஸ விட்டுட்டேன். அடுத்த வண்டிக்கு நிக்கிறேன்."

"வேல முடியலயா?"

"வெல்டிங்கு எப்பவோ முடிஞ்சிருச்சு. அவுங்கெல்லாம் கையக் கழுவிட்டுப் போயிட்டாங்க. நாந்தான் நிக்கணும்ல."

"முடிஞ்ச பெறகு எதுக்கு நிக்கணும்?"

"முடிஞ்ச பெறகுதானே நிக்கணும். அரை மணி நேரம் எடத்த விட்டு நகரக் கூடாது, அதுதான் ரூலு. இன்னைக்குப் பாரு, எல்லாம் அணஞ்சு இருவது நிமிஷம் ஆயிருச்சு. இன்னும் பத்து நிமிஷத்துல கெளம்பிறலாமுன்னு நெனைக்கிறேன், தகட்டுக்கு அங்குட்டுப் பக்கம் எவனோ தொடைக்கிற துணிய விட்டுட்டுப் போயிருக்கான், அது பொகைய ஆரம்பிச்சிருச்சு. சூடு உள்ள போயிக்கிட்டேதான இருக்கும்? நம்ம அணைச்சுட்டோம்னு அதுக்குத் தெரியுமா?"

என் கண் மூடிக் கிடந்த மடிக்கணினியின் மேல் போய் நின்றது.

"ஏம்ப்பா? படம் நின்னுருச்சா? கேக்குதா?"

"கேக்குது" என்றேன். "இருங்க, அப்பறம் கூப்புடுறேன்."

"ஏய், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. சாப்புடுங்க."

போனை வைத்துவிட்டு எழுந்தேன். அன்று ஞாயிறு, கதவெல்லாம் திறந்தே கிடந்தன. மழை விட்டு, மஞ்சள் வெயில் முன்வாசல் வழியாக உள்ளே விழுந்து ஒவ்வொரு நிலைப்படியாக ஏறி வந்துகொண்டிருந்தது. சாத்தலாம் என்று முகப்புக்குப் போனேன். கதவில் கை வைத்தபடி நின்றேன். இந்தக் கதவைச் சாத்தினால், புதிதாக யாரும் உள்ளே வர முடியாது. ஆனால் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவர் நின்ற இடத்திலேயே நிற்பாரா? அவர் பாட்டுக்கு அடுத்த கட்டு, அதற்கடுத்த கட்டு என்று நடந்துகொண்டுதான் இருப்பார். அவரை நான் மறந்துவிட்டேன்.

அறைக்கு வந்து மடிக்கணினியைத் திறந்து, என் கணக்கின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். முடிவு நேரம் என்ற இடத்தில் முந்நூறு நொடி என்று இருந்தது. ஐந்து நிமிடம். ஆரம்ப நாட்களில் கம்ப்யூட்டர் நேரத்தை மிச்சப்படுத்த நானே எழுதியது. தீ அணைந்ததும் என் கணக்கும் நின்றுவிடும். நின்ற இடத்தில் எத்தனை அடுக்கு கருகியிருந்ததோ அதையே முடிவு என்று எடுத்துக்கொண்டேன். நிஜப் பலகையோ அலமாரியில், சூடு வெளியேற வழியில்லாத பஞ்சு மெத்தையில், நான் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, உள்ளுக்குள் மேலும் கருகிக்கொண்டிருந்திருக்கிறது. மூன்று வாரம் தோண்டியபோதும் அந்த ஒரு வரியை நான் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை, அணைத்த பிறகு வரும் அரை மணி நேரத்தையும் சேர்த்துக் கணக்கை ஓடவிட்டேன். மூன்று நாள் ஓடியது. அந்த மூன்று நாளும் நான் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். ஒரு சாயங்காலம் இருப்புக் கொள்ளாமல் பஸ் ஏறிப் பிள்ளையார்பட்டிக்குப் போனேன். வேண்டிக்கொள்ள எதுவும் தோன்றவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, குன்றின் ஓரமாகப் பாறையில் கையை வைத்தேன். வெயில் போய் நேரமாகியிருந்தது. பாறை இன்னும் வெதுவெதுவென்று இருந்தது. தேங்காய் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசி பஸ் கூட்டம் சேரும் வரை அங்கேயே நின்றேன்.

நாலாம் நாள் விடை வந்தது. இருபத்தேழு.

முதலில் வந்தது சந்தோஷம்தான். மேசையைத் தட்டினேன், தனியாக இருந்த அறையில் சத்தம் போட்டுச் சிரித்தேன். திரையில் தீ அணைந்த பிறகும் சிவப்பு மங்கி மங்கி, மஞ்சளாகிக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. அத்தனை மாதத்தில் நான் பார்த்த அழகான படம் அதுதான். அதற்குப் பிறகுதான் சுவரில் அவர் ஒட்டிய தாள் நினைவுக்கு வந்தது.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. கணக்கை மேம்படுத்தினேன், இப்போது சோதனையோடு பொருந்துகிறது என்று அடுத்த அறிக்கையில் ஒரு வரி எழுதினால் போதும். யாரும் கேட்கப் போவதில்லை. இப்படி ஒரு வழி இருக்கிறது என்பது தெரிந்தபடியே இரண்டு நாள் வகுப்பெடுத்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். மூன்றாம் நாள் மதியம் சோதனைக்கூடத்துக்குப் போனேன். அவர் ரம்பத்தில் ஏதோ அறுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம்."

ரம்பத்தை நிறுத்தினார். "சொல்லுங்க மேடம்."

"தப்பு எம்மேலதாண்ணே. நீங்க அஞ்சு நிமிஷந்தான் வச்சிருக்கீக. தீ அணஞ்சதும் நான் கணக்க நிப்பாட்டிட்டேன். அதுக்கப்பறமும் உள்ள கருகியிருக்கு. அத நான் பாக்கல."

கையுறையைக் கழற்றி, மேசையில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார். அவ்வளவு மெதுவாக யாரும் கையுறை கழற்றி நான் பார்த்ததில்லை.

"இத எங்கிட்ட மட்டும் சொல்றீகளா, அங்குட்டும் சொல்லுவீகளா?"

"அண்ணே..."

"அன்னைக்கு எல்லாரு முன்னாடியும் சொன்னீக. எஞ்சின்னப் பொண்ணு இங்கதான் மூணாம் வருஷம் படிக்கிது. அதுகிட்டயும் எவனோ கேட்டுருக்கான், உங்க அப்பாவுக்கு மணி பாக்கத் தெரியாதான்னு."

அவருக்கு அந்தக் கல்லூரியில் படிக்கும் மகள் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"எல்லாரு முன்னாடியும் சொல்றேண்ணே."

"சொல்லிட்டு வாங்க" என்றார். கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார்.

பேராசிரியர் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார். கெட்டவர் இல்லை. அறிக்கை போய்விட்டதே என்று அவருக்குக் கவலை. "அவசரப்பட வேண்டாம்மா. அடுத்த அறிக்கையில சின்னதா ஒரு திருத்தம்னு போட்டுடலாம். அந்த ஆணையையும் மெதுவா எடுக்கச் சொல்றேன்."

"சின்னதா போட்டா பலகை தாங்கும்னு நெனச்சுக்குவாங்க சார். நம்ம சொன்னத விட எட்டு அடுக்கு கூடக் கருகியிருக்கு."

அறிக்கையின் நகலை எடுத்துப் புரட்டினார். "சரி. ஆனா உன் கணக்க மட்டும் வச்சு நான் திருத்த மாட்டேன். மறுபடி ஒரு பலகைய எரிங்க. உள்ள சூட்ட அளந்து காட்டுங்க. எல்லாரும் வரட்டும்."

அந்தப் பலகையை அண்ணன்தான் தயார் செய்தார். மேலிருந்து கீழாக நாலு இடத்தில் மயிரிழை போன்ற கம்பிகளைச் செருகினார். ஒவ்வொரு கம்பியும் அந்த ஆழத்திலுள்ள சூட்டைப் படித்துச் சொல்லும். எங்களுக்குள் வேலைப் பேச்சு தவிர வேறு பேச்சு இல்லை.

பிற்பகல் மூன்று மணி. அதே கூட்டத்து ஆட்கள் எல்லோரும் தகரக் கூரைக்கு அடியில் நின்றோம். தொடங்குவதற்கு முன்னால் நான் முன்னே வந்து, அன்று நான் சொன்னது தவறு, இவர் நேரம் தவறவில்லை, பிழை என் கணக்கில் இருந்தது என்று சொன்னேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்தது நாலு வரி. இரண்டு வரிதான் வெளியே வந்தது. ஒரு மாணவன் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணன் ஹீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து நிமிடம் எரிந்தது. மூடியைத் தள்ளினார். சுடர் அணைந்தது. பலகையை மெத்தையோடு எடுத்து வைத்தார். வழக்கமாக எல்லோரும் கலைகிற நேரம். யாரும் அசையவில்லை. திரையில் நாலு எண்கள். மேலே உள்ள எண் விறுவிறுவென்று இறங்கியது. இரண்டாவது கொஞ்சம் தயங்கி இறங்கத் தொடங்கியது. மூன்றாவது ஏறியது. அடியில் இருந்த நாலாவது, தூக்கத்திலிருந்து எழுகிறவர் மாதிரி ஒவ்வொன்றாக ஏறியது.

"ஏறுது" என்றார் அண்ணன். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பலகையில் ஒரு மாற்றமும் இல்லை. கறுப்பாக, அமைதியாக, அணைந்து கிடந்தது. எண் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. தகரத்தின் மேல் அணில் ஓடுகிற சத்தம் கேட்டது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று எனக்குத் தெரியவில்லை. கனவில் நேரம் போவது மாதிரி போனது. அண்ணன் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்து, "ஒம்போது நிமிஷம்" என்றார். அப்போதுதான் நாலாவது எண் நின்றது, யோசித்தது, பிறகு இறங்கியது.

"இத்தன வருஷமா அணச்சதும் தூக்கி வச்சுட்டுக் கை கழுவப் போயிருவேன்" என்றார் பேராசிரியரிடம். "இது பாட்டுக்கு உள்ள வெந்துக்கிட்டு இருந்திருக்கு சார்."

மறுநாள் அறுத்துப் பார்த்தோம். இருபத்தெட்டு.

அந்த ஆணையை அலுவலகம் ரத்து செய்தது. ரத்து செய்த தாளைக் கொண்டுபோய் நானே சுவரில் ஒட்டினேன். நிறுவனத்துக்குத் திருத்திய அறிக்கை போனது. அவர்கள் கோபப்படவில்லை, நிறையக் கேள்வி கேட்டார்கள். அடுத்த கட்ட வேலையை வேறொரு ஊரிலுள்ள குழுவுக்குக் கொடுத்துவிட்டார்கள். என் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயம் அணைத்த பிறகு நடப்பதைப் பற்றியது. வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் அந்த அத்தியாயத்தை மட்டும் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தார். இது எப்படித் தோன்றியது என்று கேட்டார். என் வீட்டுக்காரர் பஸ்ஸை விட்டுவிட்டார் என்று சொல்ல வாய் வரை வந்தது. வேறு ஏதோ சொன்னேன்.

அண்ணன் பழையபடி பேசத் தொடங்கினார். மகள் வேலைக்கான நேர்காணலுக்குப் போனபோது என்னிடம்தான் கொண்டுவந்து விட்டார், கேள்வி கேட்டுப் பழக்கச் சொல்லி. டீ வாங்கினால் எனக்கும் சேர்த்து வாங்குவார். ஆனால் தங்கச்சி என்று மட்டும் திரும்ப அவர் வாயில் வரவில்லை. மேடம்தான். நானும் கேட்கவில்லை.

போன வருடம் என் கணவர் இரண்டு மாத விடுப்பில் வந்திருந்தார். ஒரு சனிக்கிழமை கல்லூரியைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிக்கொண்டு போனேன். அண்ணன் அவரைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்க மாப்ளை, உக்காருங்க" என்றார். எனக்கு ஒரு முக்காலி. ஹீட்டரைக் காட்டினார், மூடியைத் தள்ளிக் காட்டினார். என் கணவர் கருகின பலகை ஒன்றை வாங்கி முகர்ந்து பார்த்து, "கப்பல்ல பெயிண்டு எரிஞ்சாலும் இந்த வாடைதாண்ணே" என்றார். அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் பிடித்துக்கொண்டது. எந்தத் தீக்கு எந்த அணைப்பான், கையுறை எது நல்லது, பொறி எத்தனை தூரம் தெறிக்கும் என்று போய்க்கொண்டே இருந்தது.

"அந்த அரை மணி நேரம் நின்னுக்கிட்டு என்ன பண்ணுவீக மாப்ளை?"

"ஒண்ணும் பண்ண மாட்டேண்ணே. பாத்துக்கிட்டே நிப்பேன்."

"அது கஷ்டமாச்சே."

"கஷ்டந்தான். தூக்கம் வந்துரும். நான் மனசுக்குள்ள எங்க ஊரு பஸ் ஸ்டாப்ப வரிசையாச் சொல்லிக்கிருவேன். காரைக்குடியில ஏறி தேவகோட்டை வரைக்கும்."

"ஒரு தரம் போதுமா?"

"போயிட்டுத் திரும்பி வந்தா சரியா இருக்கும்."

அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். இத்தனை வருடத்தில் இந்தப் பஸ் ஸ்டாப் கதையை என் கணவர் என்னிடம் சொன்னதே இல்லை. நான் கேட்டதும் இல்லை. கதவோரம் வேப்பங்காற்று வந்துகொண்டிருந்தது. முக்காலியைச் சுவரோரம் நகர்த்திச் சாய்ந்துகொண்டேன். இரண்டு குரலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் போயின. கப்பலின் வயிறும் தகரக் கூரையும் ஒன்றாகிவிட்ட ஏதோ ஓர் இடத்தில் பஸ் நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாரோ இறங்கினார்கள்.

கண் விழித்தபோது இருவரையும் காணவில்லை. என்னை எழுப்பாமல் டீ குடிக்கப் போய்விட்டார்கள். கேண்டீன் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நானும் அங்குட்டு நடந்தேன்.